காயடித்த சேவல்: சுவைக்காக ஓர் அறுவை சிகிச்சை, மயக்க மருந்து இல்லாமல். சட்டம் என்ன சொல்கிறது?

கிடாய்க்குக் காயடிப்பார்கள், காளைக்குக் காயடிப்பார்கள். சேவலுக்குமா? பலருக்கும் இது புதுச் செய்தியாக இருக்கலாம். ஆனால் நாகாலாந்து, மிசோரம் போன்ற வடகிழக்கு மாநிலங்களின் மலைக்கிராமங்களில் நாட்டுச் சேவலின் விதையை எடுத்துவிட்டு, கொழுக்க வளர்த்து, விசேஷத்துக்குச் சமைப்பது பழைய வழக்கம். ஆங்கிலத்தில் இந்தச் சேவலுக்கு 'கேப்பான்' என்று பெயர். பிரான்சில் கிறிஸ்துமஸ் விருந்தின் ராஜாவே இதுதான்.

நாட்டுக்கோழிக்கு நல்ல விலை கிடைக்கும் இந்தக் காலத்தில், கேப்பான் வளர்ப்பைக் கூடுதல் வருமானத்துக்கு ஒரு வழியாகப் பரிந்துரைப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படியென்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தச் சேவலுக்கு என்ன நடக்கிறது?

எதற்காக இதைச் செய்கிறார்கள்?

சேவல் பருவத்துக்கு வந்ததும் ஆண் ஹார்மோன் சுரக்கும். கொண்டை சிவக்கும், கூவும், சண்டைக்கு நிற்கும். கூடவே இறைச்சியும் முறுகி நார் நாராகிவிடும். விதையை எடுத்துவிட்டால் கதை வேறு. கொண்டை சுருங்கிவிடும், கூவல் நின்றுவிடும், தின்ற தீனி கொழுப்பாகத் தசைக்குள் படியும். கறி மிருதுவாக இருக்கும்.

1849-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்ட் பெர்த்தோல்ட் என்ற விஞ்ஞானி ஆறு சேவல்களை வைத்து இதைத்தான் சோதித்துப் பார்த்தார். விதை ரத்தத்தில் எதையோ கலக்கிறது என்று அவர் கண்டுகொண்டதுதான் ஹார்மோன் அறிவியலின் தொடக்கம் என்பார்கள். விஞ்ஞானத்துக்குச் சேவல் கொடுத்த விலை அது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நாம் கடையில் வாங்கும் பிராய்லர் கோழிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிராய்லர் ஐந்தாறு வாரத்தில் வெட்டுக்குப் போய்விடுகிறது. பருவமே வராத கோழிக்குக் காயடித்து என்ன பயன்? மெதுவாக வளரும் நாட்டு ரகங்களில்தான் இதற்கு வேலை.

வலி எங்கே இருக்கிறது?

'காயடிப்பது' என்ற சொல்லே சேவலுக்குப் பொருந்தாது. காளைக்கு விதை வெளியே தொங்குகிறது, இடுக்கியால் நசுக்கிவிடலாம். பறவைக்கு அது உடம்புக்கு உள்ளே, முதுகெலும்பை ஒட்டி, சிறுநீரகத்தின் பக்கத்தில் இருக்கிறது. அருகிலேயே உடலின் பெரிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அதனால் இது வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சை. நசுக்கி முடிக்கிற வேலை இல்லை.

சில வாரக் குஞ்சை முதலில் பட்டினி போடுவார்கள், குடல் காலியாக இருந்தால்தான் உள்ளே பார்க்க முடியும். பிறகு இறக்கையையும் காலையும் இழுத்துக் கட்டி, கடைசி இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே கீறி, இடைவெளியை விரித்துப் பிடித்து, தானியமணி போன்ற விதையைக் கருவியால் பிடுங்கி எடுப்பார்கள். ஒரே பக்கமாக இரண்டையும் எடுப்பவர்கள் உண்டு, இரு பக்கமும் கீறுபவர்களும் உண்டு. உலகின் பல இடங்களில் இது மயக்க மருந்தோ வலி மருந்தோ இல்லாமல்தான் நடக்கிறது. நம் கிராமங்களில் செய்பவர் பெரும்பாலும் மருத்துவர் இல்லை, கைப்பழக்கம் உள்ள ஊர்க்காரர்.

கை கொஞ்சம் தவறினால் ரத்தக் குழாய் கிழிந்து குஞ்சு அங்கேயே செத்துவிடும். பறவையின் வயிற்றில் காற்றுப் பைகள் இருப்பதால், பிழைத்த குஞ்சுகளுக்கும் சில நாளில் தோலுக்கடியில் காற்று புகுந்து பலூன் போல வீங்கும். ஊசியால் குத்தி அதை இறக்கிவிட வேண்டும். விதையில் ஒரு துணுக்கு உள்ளே தங்கிவிட்டால் அது மறுபடி வளரும், சேவல் மறுபடி கூவும். அப்படியானால் அது பட்ட வலி மொத்தமும் வீண்.

'கத்தவே இல்லையே, அப்புறம் என்ன வலி?' என்று கேட்பவர்களும் உண்டு. கோழிக்கும் வலியை உணரும் நரம்புகள் உண்டு. ஆனால் இரையாகிற இனம் வலியைக் காட்டிக்கொள்ளாது. காட்டினால் பருந்துக்குத்தானே லாபம்?

வலியைக் குறைக்க வழியே இல்லையா?

இருக்கிறது. மரத்துப்போகும் ஊசி போடலாம், ஆனால் பறவைகளுக்கு அந்த மருந்தின் அளவு கொஞ்சம் கூடினாலும் ஆபத்து. அளவறிந்து போட மருத்துவர் வேண்டும். பிறகான வலிக்கு மெலாக்சிகாம் இருக்கிறது. கழுகுகளைக் காப்பாற்ற, கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் கொடுப்பதை 2006-இல் இந்தியா தடை செய்தபோது மாற்றாக முன்வைக்கப்பட்டதும் இதே மருந்துதான். அதனால் நம் கால்நடை மருத்துவர்களுக்கு இது அந்நியமானதல்ல.

கத்தியே வேண்டாம் என்று அமெரிக்கர்கள் ஒரு காலத்தில் கழுத்துத் தோலுக்கடியில் பெண் ஹார்மோன் வில்லையைப் புதைத்தார்கள். அந்த மருந்து தின்பவர் உடம்புக்கும் போகிறது என்று தெரிந்ததும், 1959-இல் கோழிகளில் அதன் பயன்பாடு நிறுத்தப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் மனிதன் தவிர்த்த எல்லா உயிரும் 'விலங்கு'தான், கோழியும் சேர்த்து. உறுப்பைச் சிதைப்பது 11-ஆவது பிரிவின்படி குற்றம். ஆனால் அதே பிரிவு, விதிகளில் சொன்ன முறைப்படி காயடிப்பதற்கு விலக்கு தருகிறது. அந்த 'முறை' என்ன என்று பல பத்தாண்டுகள் யாரும் எழுதி வைக்கவில்லை. 2023-இல்தான் மத்திய அரசு அதற்கான விதிகளைக் கொண்டுவந்து, காயடிக்கும் முன் மயக்க மருந்தைக் கட்டாயமாக்கியது.

அப்போது எழுந்த பேச்சு முழுக்க மாடுகளைப் பற்றித்தான். சேவல் யார் நினைவிலும் இல்லை. விதியை மீறினால்? முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அறுபது வருஷத்துக்கு முந்தைய தொகை. இன்றைக்கு ஒரு நாட்டுக்கோழியின் விலையில் ஒரு துண்டுக்குக்கூட வராது.

பிரிட்டனில் கேப்பான் அறுவைக்கு அனுமதியே இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் எதிர்த்திசையில் போகிறது: அறுவைக்குப் பின் குறைந்தது 77 நாள் வளர்த்து, 140 நாள் வயதுக்கு மேல் வெட்டினால்தான் 'கேப்பான்' என்று விற்கலாம். பிரான்சின் பிரெஸ் பகுதிச் சேவல் எட்டு மாதம் வாழ்கிறது, அதில் பெரும்பகுதி புல்வெளியில். ஆறு வாரத்தில் தன் எடையைத் தானே தாங்க முடியாமல் நொண்டும் பிராய்லரோடு ஒப்பிட்டால் இது நல்ல வாழ்க்கை என்று ஆதரவாளர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சண்டையிட்டுக் கொத்திக்கொள்வதும் குறையும். ஆனால் கடைசி வாரங்களில் அதே சேவலைக் கொழுக்க வைக்க மங்கலான வெளிச்சத்தில் மரக்கூண்டில் அடைப்பதை அவர்கள் அழுத்திச் சொல்வதில்லை.

நல்ல வாழ்க்கை கொடுப்பதற்கும் மயக்க மருந்து கொடுக்காமல் இருப்பதற்கும் என்ன தொடர்பு என்பதும் எனக்குப் புரியவில்லை. இரண்டையும் சேர்த்தே செய்யலாமே.

சிக்கல் காசில்தான். மலைக்கிராமத்தில் நாலைந்து சேவல் வைத்திருக்கும் ஒரு குடும்பம் மருத்துவரைக் கூப்பிட்டு, மருந்து வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஊசி போட்டால் கிடைக்கும் லாபம் அதிலேயே போய்விடும். தடுப்பூசி போடவே ஆள் வராத ஊர்கள் அவை. எனவே கேப்பான் வளர்ப்புக்குப் பயிற்சி கொடுக்கிற எந்தத் திட்டமும், கத்தி பிடிக்கச் சொல்லித் தருவதோடு நிற்காமல், மருத்துவரின் செலவையும் தன் கணக்கில் எழுத வேண்டும். அதற்குப் பணம் இல்லையென்றால் சேவலை நாலைந்து மாதத்திலேயே, கறி முறுகுவதற்கு முன், விற்கச் சொல்லலாம். விலை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.