மார்ச் மாத மொட்டை மரங்கள்

கோனோகார்பஸ் மர நடவுக்கும் விற்பனைக்கும் தமிழ்நாடு அரசு 2025 தொடக்கத்தில் விதித்த தடையை இந்த இதழ் முழுமனதோடு ஆதரிக்கிறது. குஜராத் 2023-லேயே இதைச் செய்துவிட்டது. கடலோரச் சதுப்பில் வளர வேண்டிய இனத்தைச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் பக்கத்தில் வரிசை கட்டி நட்டதன் விலையை நகரங்கள் கொடுத்துவிட்டன. மகரந்த ஒவ்வாமை பற்றிய புகார்களும் புதியவை அல்ல. தடை தேவையானது. அதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆணைக்குப் பிறகு மாற்று நடவு நடந்த வளாகங்களில் இப்போது இலை உதிரும் பருவம். நம் வாடிக்கையாளர்கள் கோனோகார்பஸை ஏன் கேட்டார்கள் என்பதை இந்தப் பருவம் நினைவுபடுத்துகிறது. வேகமாக வளரும், எப்படிக் கவாத்து செய்தாலும் தாங்கும், சுவர்போல அடர்ந்து மறைக்கும் என்பவை மூன்று காரணங்கள். இந்த மூன்றுக்கும் நம்மிடம் ஓரளவு மாற்று உண்டு. வேலிக்கு நொச்சி, ஆடாதோடை, மருதாணி, விராலி ஆகியவை சீரான கவாத்தில் நன்றாக அடரும். நான்காவது காரணம்தான் சிக்கல்: பன்னிரண்டு மாதமும் பச்சையாக நிற்கும், குப்பை போடாது.

புன்னை, மகிழம், பூவரசு தவிர்த்து நாம் பரிந்துரைக்கும் நாட்டு மரங்களில் பெரும்பாலானவை இந்த நான்காவது தேர்வில் தோற்கும். தை முதலே அரசமரம் இலை உதிர்க்கிறது. வாகையில் காய்ந்த நெற்றுகள்தான் மிச்சம். மாசியில் புங்கம் இலை பழுத்துக் கொட்டி, சில நாளில் இளம்பச்சையாக மறுபடி நிறைகிறது. இலுப்பை வெறுங்கிளையில் மொட்டு கட்டி, பூவோடு செந்துளிர் விடுகிறது. கல்யாண முருங்கை இலையே இல்லாமல் சிவக்கிறது. சரக்கொன்றை இலையைக் கழித்த பிறகுதான் சரம் சரமாகத் தொங்குகிறது. வடகிழக்குப் பருவமழையில் வாங்கிய ஈரம் வற்றும்போது பழைய இலையை விட்டு, கோடைக்குப் புதிய இலையோடு போவது இந்த மண்ணின் மரங்களுக்கு உள்ள ஒழுங்கு.

இந்த ஒழுங்கு நம் அரசு அலுவலகங்களின் நாட்காட்டியோடு மோதுகிறது. நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. பில் தீர்க்க வேண்டும், எம்-புக் எனும் அளவுப் புத்தகம் எழுத வேண்டும், உயிர்ப்பு விழுக்காடு கணக்கிட வேண்டும். ஆகவே ஆய்வு மார்ச்சில் வருகிறது. மரங்கள் இலையற்று நிற்கும் மாதமும் அதுதான். ஓர் அரசு வளாகத்தில் நாங்கள் நட்ட இலுப்பைகளைப் பார்வையிட வந்தவர்கள் வரிசையாகக் ‘காய்ந்தது’ என்று எழுதிப் பிடித்தத் தொகையைத் தராமல் நிறுத்தினார்கள். நகத்தால் பட்டையைக் கீறிப் பச்சையைக் காட்டினோம். படிவத்தில் அதற்கு இடம் இல்லை என்றார்கள். சித்திரையில் அத்தனையும் துளிர்த்தன. குறிப்பை மாற்ற யாரும் வரவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல என்பது இந்த இதழின் வாசகர்களுக்குத் தெரியும். ஒருமுறை பணம் நின்றுபோன ஒப்பந்ததாரர் அடுத்த முறை இலுப்பையை நட மாட்டார். இடைவெளி நிரப்ப நர்சரியிலிருந்து வண்டியில் ஏறுவது கிளூசியாவோ ஏதாவதொரு ஃபைகஸ் வகையோதான். ‘என்றும் பசுமையான இனம்’ என்ற வரி பி.ஓ.க்யூ. எனும் பணி அளவுப் பட்டியலில் இருக்கும்வரை, கோனோகார்பஸ் போன இடத்துக்கு இன்னொரு கோனோகார்பஸ் வந்தே தீரும்.

சாலை நடுத்திட்டுகளில் கோனோகார்பஸை வரிசை வரிசையாக வைத்தவர்களில் அரசுத் துறைகளும் உள்ளாட்சி அமைப்புகளும் உண்டு. அந்த மரத்தைத் தேர்ந்தது அவர்களின் டெண்டர் நிபந்தனை. இன்று நட்டம் பைக்கன்றுகளோடு நிற்கும் சிறு நர்சரிக்காரருக்கு, பழி வடிவமைப்பாளருக்கு. நிபந்தனை எழுதிய கை எந்தக் கேள்வியும் இல்லாமல் அடுத்த டெண்டரையும் எழுதிக்கொண்டிருக்கிறது. பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 33 விழுக்காடு பசுமைப் பரப்பை இலக்காக வைத்திருக்கிறது. நல்ல இலக்கு. ஆனால் இலை உதிர்க்கும் மரத்தைச் செத்த மரமாக எண்ணும் நிர்வாகம் அந்தப் பரப்பை எந்த மரங்களால் நிரப்பப் போகிறது? சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூ தேடும் நாட்டில், அந்தப் பூவுக்கு முன் வேம்பு இலை மாற்றுவதைக் குறையாக எழுதும் அதிகாரியை என்னவென்று சொல்வது?

சருகுக்கும் இதே கதிதான். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் தோட்டக் கழிவை எரிக்கக் கூடாது என்றன. வளாகத்துக்குள் தனியே சேர்க்குமாறு கூறின. நடைமுறையில் அது மாசி மாலைகளில் மரத்தடியிலேயே புகைகிறது. மூடாக்காகி வேரைக் காக்க வேண்டிய சருகு, அந்த வேரையே சுடுகிறது.

அரசிடம் நாம் கேட்பவை மூன்று. உயிர்ப்பு ஆய்வை வைகாசிக்குத் தள்ளுங்கள். முடியாவிட்டால் பட்டைச் சோதனையைப் படிவத்தில் சேருங்கள். ‘என்றும் பசுமை’ என்ற நிபந்தனையை விலைப்பட்டியல்களிலிருந்து நீக்குங்கள். தடை செய்த இனத்துக்கு ஈடான நாட்டுக் கன்றுகளை, நடும் அளவுக்கு வளர்ந்த நிலையில், அரசு நாற்றங்கால்களில் கிடைக்கச் செய்யுங்கள்.

வாசகர்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த வரைபடத்தோடு, எந்த மரம் எந்த மாதம் உதிர்க்கும், எப்போது துளிர்க்கும், எப்போது பூக்கும் என்ற அட்டவணையை இணைத்து, வாடிக்கையாளரிடமும் பொறியாளரிடமும் கையெழுத்து வாங்குங்கள். மார்ச்சில் மரத்துக்காகப் பேச உங்கள் கையில் ஒரு தாளாவது இருக்க வேண்டும்.