வயிற்றுவலி ஒரு நோயறிதல் அன்று

2024 ஜூன் 19 அன்று கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலிருந்து வயிற்றுவலி, வாந்தி, பார்வை மங்கல் என்று ஆட்கள் மருத்துவமனைக்கு அடுத்தடுத்து வந்தார்கள். முதல் மரணங்களுக்குக் கள்ளச்சாராயம்தான் காரணம் என்பது உறுதியாகவில்லை என்று மாவட்ட நிர்வாகம் முதலில் சொன்னது. பிறகு தடய அறிவியல் ஆய்வு மெத்தனாலைக் காட்டியது. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் ஆகிய இடங்களில் சிகிச்சை நடந்தும் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். யாரையும் குற்றஞ்சாட்ட இதை எழுதவில்லை. அந்த முதல் சில மணி நேரம் நம் மருத்துவத் தொழிலின் அடிப்படைச் சொல் ஒன்றை மறுபடி யோசிக்க வைக்கிறது.

‘டயக்னோசிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பிரித்தறிதல் என்று பொருள். ‘நோயறிதல்’ என்று தமிழாக்கியபோது அந்தப் பிரித்தல் கைநழுவிவிட்டது. தேடும் வேலைக்கும் தேடி முடித்து வைக்கும் பெயருக்கும் அந்த ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம். கேஸ் ஷீட்டில் ‘டயக்னோசிஸ்’ என்ற இடத்தில் ‘அக்யூட் அப்டமன்’ என்றோ ‘வாந்தி’ என்றோ எழுதியதும் தேடல் முடிந்துவிட்டதாக அடுத்த ஷிப்ட்டுக்கு வருபவர் எடுத்துக்கொள்கிறார். ஐசிடி-10 பட்டியலே இதைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. வயிற்றுவலி ஆர்10, குமட்டலும் வாந்தியும் ஆர்11. இவை வேறெங்கும் வகைப்படுத்த முடியாத அறிகுறிகளுக்கான அத்தியாயத்தில் உள்ளவை. மெத்தனால் நச்சுக்கு டி51.1 என்று தனி எண் உண்டு. ஆர் எண்ணோடு ஒருவரை வார்டுக்கு அனுப்பும்போது, ‘இன்னும் தேட வேண்டும்’ என்றும் சேர்த்தே சொல்கிறோம்.

மெத்தனாலில் இந்தத் தேடல் மிகவும் கடினம். குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. கல்லீரலில் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் அதை ஃபார்மால்டிஹைடாக்கி, அது ஃபார்மிக் அமிலமாகச் சேர 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். எத்தனாலும் கலந்திருந்தால் இன்னும் தாமதமாகும். சீக்கிரம் வருபவருக்கு ஆஸ்மோலல் இடைவெளி அதிகமாகவும் அனயான் இடைவெளி இயல்பாகவும் இருக்கும்; நேரம் கழித்து வருபவருக்கு நிலை தலைகீழ். ஒரே கடையில் குடித்த இருவரின் ரத்த அறிக்கைகள் இரண்டு வெவ்வேறு நோய்களைப் போலத் தெரியலாம். ஒரே தெருவிலிருந்து வந்தவர்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் நோய் தெரியும்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் இரவுப் பணியில் இருப்பவரிடம் ரத்தவாயுக் கருவி இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் கேள்வி இருக்கிறது. “கண்ணு மங்கலா தெரியுதா?” என்று கேட்கலாம். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் ஓடுகிறதா, கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்று பார்க்கலாம். சாராயம் பற்றி மனைவி, அண்டைவீட்டார், காவலர் முன்னிலையில் கேட்டால் ‘குடிக்கலைங்க’ என்ற பதில்தான் வரும். தனியே, வழக்குப் பயம் இல்லாமல், எப்போது, எங்கே, கூட யார் குடித்தார்கள் என்று கேட்க வேண்டும். நம் வார்டுகளில் மிகக் குறைவாகச் செய்யப்படும் பரிசோதனை இதுதான் என்று நினைக்கிறேன்.

உறுதியாகும்வரை எழுதக் கூடாது என்று ஒரு தயக்கம் உண்டு. நஞ்சு விஷயத்தில் அது ஆபத்தானது. ‘மெத்தனால் நச்சு – சந்தேகம்’ என்ற தற்காலிக நோயறிதல் ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பைகார்பனேட், எத்தனால் அல்லது ஃபோமெபிசோல், டயாலிசிஸ் உள்ள மருத்துவமனைக்கு மாற்றுவது எல்லாம் அந்த வரியிலிருந்துதான் தொடங்குகின்றன. காவல்துறைக்குப் போகும் மருத்துவ-சட்டத் தகவலும் அப்படித்தான். பிறகு அந்த நோயறிதலை அடித்து எழுத நேர்ந்தால் அடித்து எழுதலாம். தற்காலிகம் என்ற சொல் அதற்காகத்தான் இருக்கிறது.

இறப்புக் காரணத்துக்கான படிவம் 4-இலும், அறிகுறியோடு நிறுத்திக்கொள்ளும் இதே பழக்கம் தொடர்கிறது. உடனடிக் காரணம் என்ற இடத்தில் ‘இதய, சுவாச நிறுத்தம்’ என்று எழுதிவிட்டு, முந்தைய காரணத்துக்கான வரிகளை வெறுமையாக விடுகிறோம். இதயம் நிற்காமல் யாரும் இறப்பதில்லை. அடுத்த வீட்டில் அதே சாராயப் பாக்கெட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த வெற்று வரியில்தான் தகவல் இருந்திருக்கும்.