காதி நீதிமன்றத்தில் பெண்ணின் பக்கத்தில் யார்?

சில வருடங்களுக்கு முன்பு பாடசாலையில் பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் ஒரு தாய் மட்டும் வகுப்பறை வாசலில் நின்றார். அவருடைய மகள் அப்போது ஏழாம் ஆண்டு. "டீச்சர், காதியாருக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்களேன். எனக்கு எழுத்து வாசிப்புத் தெரியும், ஆனா இத எப்படி எழுதுறண்டு தெரியா" என்றார்.

கணவர் கட்டாரில் வேலை செய்தவர். ஒன்றரை வருடமாக வீட்டுக்குப் பணம் வரவில்லை. விடுமுறையில் வந்தவர் மனைவியின் வீட்டுக்கு வராமல் தன் தாய் வீட்டிலேயே தங்கிவிட்டார். நான் இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதினேன். அந்தத் தாயின் துயரத்தையெல்லாம் எழுதினேன், பிள்ளைகளின் படிப்பை எழுதினேன். வாசித்துக் காட்டியபோது அவர் அழுதார். நல்ல கடிதம் என்று எனக்கும் ஒரு திருப்தி.

ஆனால் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டிய மூன்று வரிகள் இருக்கவில்லை. பிள்ளைகளுக்கு மாதம் எவ்வளவு தாபரிப்பு வேண்டும் என்று நான் எழுதவில்லை. கடந்த மாதங்களின் நிலுவையைக் கேட்கவில்லை. திருமணத்தின்போது கொடுத்த கைக்கூலியைத் திருப்பித் தரும்படி கேட்கவில்லை. கைக்கூலியைக் காதி நீதிமன்றத்தில் கேட்கலாம் என்பதே எனக்கு அன்று தெரியாது. விசாரணையில் கேட்டதுதானே பதியப்படும்!

கணவர் தரப்பில் ஒவ்வொரு தவணைக்கும் மச்சானும் பள்ளிவாசல் நிருவாகத்தில் இருக்கும் ஓர் உறவினரும் வந்தார்கள். அவர்களின் கையில் ஒழுங்காகத் தயாரித்த ஆவணங்கள் இருந்தன. அவற்றை வெளியில் ஒருவர் சட்டம் தெரிந்து எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பது பார்த்தவுடனேயே விளங்கும். இந்தத் தாயோடு வந்தவர் வயதான வாப்பா மட்டும். நான்காவது தவணையில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். தனக்கு வேறு கோரிக்கை எதுவும் இல்லை என்று அதில் எழுதியிருந்ததை அவர் பிறகுதான் அறிந்தார். மேன்முறையீடு செய்யலாம் என்று நான் சொன்னபோது, "இனி ஏலா டீச்சர்" என்று முடித்துக்கொண்டார்.

அந்தக் காதியார் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. குறை அவரைவிடப் பெரியது.

தடையின் நோக்கமும் அதன் விளைவும்

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, காதியின் முன் சட்டத்தரணிகள் ஆஜராவதைத் தடுக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்த 1954ஆம் ஆண்டில் இதற்கு நியாயம் இருந்தது. குடும்பப் பிணக்கை ஊருக்குள்ளேயே, செலவின்றி, விரைவாகத் தீர்க்க வேண்டும். ஏழை வீட்டுக்காரர் சட்டத்தரணிக்குக் காசு கட்ட வயலை விற்கக் கூடாது. நல்ல நோக்கம்தான்.

ஆனால் சட்டத்தரணி வெளியே நின்றதால் மட்டும் இரு தரப்பும் சமமாகிவிடவில்லை. கதிரைகள் ஒரே உயரத்தில் இருந்தாலும் உட்காருபவர்கள் ஒரே பலத்தோடு வருவதில்லை. ஆண் தரப்பில் காசு இருக்கிறது, ஊர்த் தொடர்பு இருக்கிறது, வெளியில் ஆலோசனை கேட்கும் வசதி இருக்கிறது. பெண் தரப்பில் பெரும்பாலும் கண்ணீரும் ஒரு கடிதமும்தான்.

சட்டம் கேட்கும் வேலையும் இருவருக்கும் ஒன்றல்ல. தலாக் கோரும் கணவர் காரணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. காதிக்கு அறிவித்து, சமரச முயற்சி தோற்ற பின் இரண்டாம் அட்டவணையின் ஒழுங்கில் படிப்படியாகச் செல்லலாம். பஸஹ் கோரும் மனைவியோ மூன்றாம் அட்டவணையின்படி, நாம் 'ஜூரிமார்' என்று அழைக்கும் மூன்று முஸ்லிம் பெரியவர்களோடு காதி அமர்ந்திருக்க, கணவரின் குற்றத்தைச் சாட்சியங்களோடு நிறுவ வேண்டும். பாரம் கூடியவருக்குத்தான் உதவியும் கூடுதலாகத் தேவை. நம் ஏற்பாட்டில் அது தலைகீழாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சட்டப்படி காதியாக நியமிக்கப்படுபவர் நன்னடத்தையும் தகைமையும் உள்ள முஸ்லிம் ஆணாக இருந்தால் போதும். சட்டக் கல்வி கட்டாயமல்ல. நீதிச் சேவை ஆணைக்குழு நியமிக்கும் இவர்களுக்குப் பெரும்பாலும் சொந்த நீதிமன்றக் கட்டடமும் இல்லை, போதிய ஊழியரும் இல்லை. ஆக, தீர்ப்பவரும் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை, முறையிடுபவருக்கும் சட்டம் தெரிந்தவர் துணையில்லை. அங்கே சட்டத்தை யார் ஞாபகப்படுத்துவது?

பெரிய விவாதத்தில் தொலைந்த சிறிய கேள்வி

இந்தச் சட்டத்தைத் திருத்துவது பற்றி நாம் பேசாமல் இல்லை. நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் 2009இல் குழு அமைந்தது. அறிக்கை கையளிக்கப்பட்டது 2018 ஜனவரியில். அதுவும் உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்து இரண்டு வகைப் பரிந்துரைகளோடு வந்தது. 2021இல் காதி முறையையே ஒழிக்கும் யோசனை அமைச்சரவை வரை போனது. அதே ஆண்டில்தான் 'ஒரே நாடு ஒரே சட்டம்' என்ற செயலணியும் அமைந்து சமூகத்தை அச்சத்தில் ஆழ்த்தியது. திருமண வயது, பெண் காதி, பலதார மணம், மணமகளின் கையெழுத்து என்று ஒவ்வொன்றிலும் அணிகள் பிரிந்தன. எல்லாம் முக்கியமான கேள்விகளே. ஆனால் காதி முறை இருக்க வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் மோதிக்கொண்ட சத்தத்தில், நாளைக் காலை பத்து மணிக்குத் தவணைக்குப் போகும் பெண்ணுக்கு யார் துணை என்ற கேள்வி கேட்காமலே போய்விட்டது. காதி முறையைப் பாதுகாக்க விரும்புகிறவர்கள்தான் இந்தக் கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

மார்க்கம் இதற்குத் தடையா? ஸூரா அந்நிஸாவின் 35ஆவது வசனம் தம்பதியரிடையே பிளவை அஞ்சினால் அவன் குடும்பத்திலிருந்து ஒருவரும் அவள் குடும்பத்திலிருந்து ஒருவருமாக நடுவர்களை நியமிக்கச் சொல்கிறது. அவளுக்கென்றும் ஒருவர் இருக்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. தன் கணவரைப் பற்றி நபியவர்களிடம் முறையிட்டு வாதாடிய ஒரு பெண்ணின் குரல் கேட்கப்பட்டதைக் கொண்டே ஸூரா அல்முஜாதலா தொடங்குகிறது. பெண்ணின் வழக்கு முழுமையாகக் கேட்கப்படுவது இஸ்லாத்துக்குப் புதிதல்ல.

இந்தியாவில் நடந்தது

அண்டை நாட்டைப் பார்ப்பது பயன் தரும். இந்தியாவின் 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டமும் நம் சட்டத்தைப் போலவே, சட்டத்தரணி வைத்துக்கொள்வதை ஓர் உரிமையாகக் கோர முடியாது என்கிறது. ஆனால் கதவை முழுவதும் சாத்தவில்லை. நீதிக்குத் தேவை என்று நீதிமன்றம் கருதினால் சட்டம் அறிந்த ஒருவரின் உதவியைப் பெறலாம் என்று அதே 13ஆம் பிரிவு இடம் வைத்திருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டமோ, வருமானம் எவ்வளவாயினும் பெண் என்ற அடிப்படையிலேயே இலவச சட்ட உதவிக்கு உரித்துடையவர் என்கிறது. தமிழ்நாட்டில் கணவனால் கைவிடப்பட்ட ஒரு முஸ்லிம் பெண் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வாசலில் போய் அந்த உதவியைக் கேட்கலாம்.

சட்ட உதவி என்ன செய்யும் என்பதற்கு ஷா பானு வழக்கே சாட்சி. இந்தூரைச் சேர்ந்த அந்த முதிய பெண்ணின் கணவர் தானே ஒரு சட்டத்தரணி. கீழ் நீதிமன்றம் 1979இல் அவருக்கு விதித்த மாதத் தாபரிப்பு 25 ரூபாய். உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 சதமாக்கியது. அந்தத் தொகையையும் எதிர்த்துக் கணவர் உச்ச நீதிமன்றம் வரை போனார், 1985இல் தோற்றார். அடுத்த ஆண்டு பாராளுமன்றம் வேறொரு சட்டம் இயற்றியபோது, அதை எதிர்த்து வழக்காடியவர் ஷா பானுவின் சட்டத்தரணியாக இருந்த தானியல் லத்தீபி. அந்த வழக்கில் 2001இல் வந்த தீர்ப்பு, விவாகரத்தான பெண்ணின் எதிர்காலத்துக்கும் நியாயமான ஏற்பாட்டை இத்தாக் காலத்துக்குள்ளேயே கணவர் செய்ய வேண்டும் என்றது. 2024 ஜூலையிலும் தெலுங்கானா வழக்கொன்றில் விவாகரத்தான முஸ்லிம் பெண்ணின் தாபரிப்பு உரிமை உறுதிசெய்யப்பட்டது. சட்டம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாதிருந்தால் அது 25 ரூபாயோடு முடிந்திருக்கும்.

அங்கிருந்து ஓர் எச்சரிக்கையும் வருகிறது. சமூகம் உள்ளிருந்து சரிசெய்யாத இடத்தில் அரசு வெளியிலிருந்து கை வைக்கும். முத்தலாக்கை மூன்று வருடம் வரை சிறைக்குரிய குற்றமாக்கிய 2019ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி வந்ததுதான். கணவனைச் சிறைக்கு அனுப்பினால் பிள்ளைகளுக்குச் சோறு யார் தருவது என்ற கேள்விக்கு அங்கே இன்னும் நல்ல பதில் இல்லை.

என்ன செய்யலாம்?

சட்டத்தரணிகளை அனுமதித்தால் வழக்குகள் இழுபடும், செலவு கூடும், காசுள்ளவர் பெரிய சட்டத்தரணியைக் கொண்டுவருவார் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆகவே கதவை அகலத் திறக்கச் சொல்லவில்லை. விண்ணப்பம் தயாரிக்கவும், உடன்படிக்கையில் கையெழுத்திடும் முன் வாசித்து விளக்கவும், விசாரணையில் பக்கத்தில் இருக்கவும் ஒருவரை அனுமதிக்கலாம். அவர் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணியாகவோ பயிற்சி பெற்ற ஒரு பெண் உதவியாளராகவோ இருக்கலாம். இரு தரப்புக்கும் அதே வசதி இருக்கட்டும்.

சட்டம் மாறும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. 74ஆம் பிரிவு தடுப்பது விசாரணையில் ஆஜராவதைத்தான். ஆலோசனை பெறுவதை அல்ல. கல்முனையிலிருந்து பொத்துவில் வரை ஒவ்வோர் ஊரிலும் பெரிய பள்ளிவாசல் இருக்கிறது, பாடசாலைகள் இருக்கின்றன, ஓய்வுபெற்ற அதிபர்களும் நம் ஊர்ப் பெண் சட்டத்தரணிகளும் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரு மேசை போட்டு இலவசமாக விண்ணப்பம் எழுதிக் கொடுக்க முடியாதா? இரத்ததான முகாம் நடத்தத் தெரிந்த ஊர்கள் இவை.

அதுவரை நம் பெண்கள் சிலவற்றையாவது தெரிந்திருக்க வேண்டும். தாபரிப்பு, அதன் நிலுவை, மஹர், கைக்கூலி ஆகிய ஒவ்வொன்றையும் தொகையோடு தனித்தனியாகக் கேட்க வேண்டும். நம் பகுதியில் மஹர் சிறிய தொகை, கைக்கூலியோ இலட்சங்களில். ஆகவே கொடுத்த காசுக்கும் நகைக்கும் சாட்சிகளின் பெயரோடு ஒரு பட்டியல் வைத்திருக்க வேண்டும். கட்டளைகளின் பிரதியைக் கேட்டு வாங்க வேண்டும். வாசித்து விளங்காத எதிலும் கையெழுத்திடக் கூடாது. அவகாசம் கேட்பது அவமரியாதை அல்ல. கட்டளையிட்ட தாபரிப்பைக் கணவர் கட்டாவிட்டால் அதை நீதிவான் நீதிமன்றத்தின் மூலம் தண்டப்பணத்தைப் போல அறவிடச் சட்டத்தில் வழி இருக்கிறது. வீட்டில் அடி உதை என்றால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நேரடியாக நீதிவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது எல்லா சமூகத்துப் பெண்களுக்கும் உரியது. பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்ற வழக்கு காதிக்குரியதே அல்ல, மாவட்ட நீதிமன்றத்துக்குரியது. அங்கே சட்டத்தரணியோடு போகலாம்.

இவற்றையெல்லாம் நான் கற்றுக்கொண்டது அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான். இன்றும் தாய்மார் கடிதம் எழுதித் தரச் சொல்லி வருகிறார்கள். இப்போது என் கடிதங்கள் ஒரு பக்கத்துக்கு மேல் போவதில்லை. அவற்றில் துயரம் ஒரு பந்தி, தொகைகள் நான்கு வரி. பிறகு, கொடுக்கும் முன் சட்டம் படித்த ஒருவரிடம் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். யாரிடம் காட்டுவது என்று அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். அதற்கு ஒரு பெயரையும் ஓர் இடத்தையும் சொல்லக்கூடிய நிலையை நம் ஊர்கள் உருவாக்க வேண்டும்.