பிரேக் போட்டால் ஸ்டியரிங் உதறுகிறதா?

எங்கள் சித்தப்பாவின் காருக்கு 18 வயது ஆகிறது. மறுபதிவு செய்தாகிவிட்டது, வோட்டுப் போடத்தான் பாக்கி. அதை விற்றுவிடுங்கள் என்று யாராவது சொன்னால் சித்தப்பாவுக்குக் கோபம் வரும். சித்திக்கு அதைவிட அதிகமாக வரும். பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் வாங்கிய வண்டி அல்லவா? அந்தப் பெண் இப்போது இன்ஜினீயரிங் படிக்கிறாள்.

சென்ற மாதம் அவர்களோடு ஏற்காட்டுக்குப் போயிருந்தேன். திரும்பும்போது, உளுந்தூர்ப்பேட்டை தாண்டி 90 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தோம். எதிரே சுங்கச் சாவடி. சித்தப்பா பிரேக்கை மிதித்ததுதான் தாமதம், ஸ்டியரிங் கடகடவென்று ஆட ஆரம்பித்தது. குளிர் ஜுரக்காரர் மாதிரி அவர் கைகள் உதறின. பின்சீட்டில் பிளாஸ்கைத் திறந்திருந்த சித்தியின் புடவையெல்லாம் காப்பி.

"ஒன்றுமில்லை, கொஞ்ச நாளாகவே இப்படித்தான்" என்றார் சித்தப்பா.

"கொஞ்ச நாளாகவேயா?" என்றாள் சித்தி. அதற்கப்புறம் சென்னை வரும்வரை காரில் பேச்சே இல்லை.

உங்கள் வீட்டுக் காரிலும் இந்த உதறல் இருக்கலாம். மெக்கானிக்கிடம் போவதற்கு முன்னால் நீங்களே இரண்டு மூன்று விஷயங்களைக் கவனித்து வைத்துக்கொண்டால் பணமும் மிஞ்சும், பயமும் குறையும்.

முதலில், பிரேக் போடாமலே உதறுகிறதா என்று பாருங்கள். 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் சும்மா போகும்போதே ஆடினால் அது பெரும்பாலும் டயர் சமாசாரம். வீல் பாலன்சிங் செய்தால் சரியாகிவிடும். பிரேக் போட்டால் மட்டும் உதறுகிறது என்றால்தான் பிரேக்கின் மேல் சந்தேகப்பட வேண்டும். அடுத்தபடி, எங்கே உதறுகிறது? ஸ்டியரிங்கில் என்றால் முன் சக்கரங்கள். உட்கார்ந்திருக்கும் சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரங்கள். திடீரென்று பலமாக மிதிக்கும்போது காலடியில் பெடல் படபடவென்று அடித்தால் பயப்படாதீர்கள், ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் அது இயல்பு.

முன் சக்கரத்தில் என்னதான் நடக்கிறது? வட்டமான இரும்புத் தட்டு ஒன்று சக்கரத்தோடு சுற்றுகிறது. அதுதான் டிஸ்க். பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் பேடுகள் அதை இறுகப் பிடிக்கின்றன. தட்டின் கனம் எங்கும் ஒரே மாதிரி இருக்கும்வரை வம்பில்லை. ஓரிடத்தில் ஒரு மில்லிமீட்டரில் 50இல் ஒரு பங்கு, அதாவது தலைமயிரின் கனத்தில் கால்வாசி, வித்தியாசப்பட்டால் போதும். 90 கிலோமீட்டர் வேகத்தில் சின்னக் காரின் சக்கரம் விநாடிக்குச் சுமார் 14 தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பிடி, ஒரு நழுவல். ஸ்டியரிங் உதறாமல் என்ன செய்யும்?

"டிஸ்க் வளைந்துவிட்டது" என்பார்கள். நிஜமாகவே வளைவது அபூர்வம். தோசைக் கல்லில் ஒரே இடத்தில் மாவு ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மலைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே இறங்கினால் டிஸ்க் பழுக்கச் சுடுகிறது. அடிவாரத்தில் இளநீர்க் கடையைக் கண்டதும் பெடலை அழுத்தியபடியே நின்றால், பேடின் பொருள் அந்த ஓரிடத்தில் ஒட்டிக்கொள்கிறது. கியரைக் குறைத்து இறங்குங்கள் என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை.

சித்தப்பாவின் விஷயம் வேறு. போன வருஷம்தான் இரண்டு டிஸ்க்கும் புதிதாகப் போட்டிருந்தார். ஐந்தாறு மாதம் சுகமாக ஓடிவிட்டு மறுபடியும் உதறல். போட்ட பட்டறையிலேயே கேட்டதற்கு, "திரும்பவும் மாற்றிவிடலாம் சார்" என்று பதில்.

"மாற்ற வேண்டாம். அளக்கத் தெரிந்த ஆளாகப் பாருங்கள்" என்றாள் சித்தி.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பாய் இருக்கிறார். பட்டறை சின்னது, ஆனால் டயல் கேஜ் வைத்திருக்கிறார். சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கை நட்டுப் போட்டு இறுக்கி, கேஜை வைத்துச் சுற்றினார். முள் ஆடியது. பிறகு டிஸ்க்கையே எடுத்துவிட்டு, "அம்மா, இங்கே வந்து பாருங்க" என்று சித்தியைக் கூப்பிட்டார். டிஸ்க் உட்காரும் இடத்தில் துரு, அடிப்பிடித்த பாத்திரம் போல் படிந்திருந்தது.

"இதைத் தேய்க்காம புது டிஸ்க்கை மேலே வெச்சிருக்காங்க. அது துளி சாய்ஞ்சு சுத்தும். பிரேக் போடாதபோதும் ஒரே இடம் பேடுல உரசும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடினா அந்த இடம் மட்டும் தேயும். அதனாலதான் முதல்ல நல்லா இருந்து அப்புறம் உதறுது."

கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தார். டிஸ்க்கின் கனத்தை அளந்து, அதன் ஓரத்தில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டார். இடம் இருந்தது, ஆகவே லேத்தில் லேசாகக் கடைந்தால் போதும் என்றார். இல்லாவிட்டால் இரண்டையும் ஜோடியாக மாற்றத்தான் வேண்டும். ஒரு பக்கம் காலிப்பர் பின் இறுகிப்போய் இருந்தது. சுத்தம் செய்து கிரீஸ் போட்டார். இடது லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருந்தது. பழைய வண்டிகளில் இதைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். புஷ்ஷும் டை ராடு எண்டும் தளர்ந்திருந்தால் சின்ன நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும். அது தளர்ந்துகொண்டே போனால் நடுக்கத்தோடு நிற்காது.

வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினாலோ, அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். கல்யாணமாக இருந்தாலும் சரி, ஆட்டோவில் போங்கள்.

நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் கண்டபடி முறுக்காமல், எதிரெதிராக, டார்க் ஸ்பேனரால் அளவாக இறுக்கினார் பாய். அதையும் சித்தி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் தாம்பரம் தாண்டி வெள்ளோட்டம். சித்தப்பா மூன்று தடவை பிரேக் போட்டார். பின்சீட்டில் சித்தி மூடியில்லாத டம்ளரில் காப்பியை ஏந்திக்கொண்டு வந்தாள். புடவை தப்பியது. வீட்டுக்கு வந்ததும் டாஷ்போர்டில் ஒரு சீட்டை ஒட்டிவிட்டாள்: "பஞ்சர் கடையிலும் நட்டை டார்க் ஸ்பேனரால் இறுக்கச் சொல்லவும். மறந்தால் என்னைக் கூப்பிடவும்."