விதியின்மேல் பழி

வீதியில் ஒருவர் மாண்டால் 'விதி' என்று கூறிக் கைகழுவும் வழக்கம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. கற்றவரும் இதற்கு விலக்கல்லர். ஆசிரியரான என் நண்பர் கார் விபத்தில் மறைந்தபோதும், சாவீட்டில் அச்சொல்லே ஒலித்தது. முந்திச் செல்ல முனைந்த ஒருவரின் அவசரமே அவர் உயிரைக் குடித்தது என்பதை அங்கிருந்தோர் யாவரும் அறிவர். அறிந்தும் பழியை வானத்தின்மேல் போட்டனர்.

கணக்கைப் பாருங்கள். மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அரை மணி நேரம். 75 கிலோமீற்றர் வேகத்தில் 24 நிமிடம். மிச்சம் ஆறே நிமிடம்! பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரமோ ஒன்றரை மடங்குக்கு மேலாகிறது. அது வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதன்றோ? வீதியில் நிற்கும் கழுதைக்கு இக்கணக்குத் தெரியாது. ஓட்டுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த ஆறு நிமிடத்துக்கு விலை கொடுப்போர் யார்? உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11.9 இலட்சம் பேர் வீதிகளில் மடிவதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் நடந்து செல்வோரும் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருமே. காருக்குள் இருப்பவரின் அவசரத்துக்குக் காரில்லாதவர் உயிர் கொடுக்கிறார்.

தனிமனிதர் பொறுமை மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. 2021 மார்ச்சில் தலைமன்னாரில், புகையிரதக் கடவையில் தனியார் பஸ்ஸொன்று புகையிரதத்தோடு மோதி மாணவர் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். 2005 ஏப்ரலில் பொல்காவலைக்கு அருகே யாங்கல்மோதரைக் கடவையில் பஸ்ஸில் சென்ற முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கடவைகளைக் காப்பது அரசின் கடமை. நாள் வசூலைக் காட்டிச் சாரதியை மற்றொரு பஸ்ஸோடு ஓட்டப்பந்தயம் விடுவது முதலாளியின் பேராசை. இவற்றை எதிர்த்துக் குரலெழுப்பியே ஆகவேண்டும்.

ஆயினும், சொந்த வண்டியில் செல்லும் நம் காலை அழுத்துவது எந்த முதலாளி? நம்மை விரட்டுவது எந்த வசூல்? சமூக நீதி பேசும் நாம், சைக்கிளில் செல்லும் மீனவரை ஹோர்ன் அடித்து ஓரந்தள்ளலாமா?

நண்பரை இழந்தபின் பத்து நிமிடம் முன்னதாகவே வீட்டைவிட்டுப் புறப்படுகிறேன். முந்த வருவோருக்கு வழிவிடுகிறேன். கோழைத்தனம் என்று சிலர் நகைக்கின்றனர். நகைக்கட்டும். ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே, மேற்சொன்ன கணக்கை நாளையே கரும்பலகையில் எழுதுங்கள். 'விதி' என்ற சொல்லை அதன்பின் யார் சொல்கிறார் என்று பார்ப்போம்.