மஞ்சளுக்கு மஞ்சள்! வெள்ளைக்கு வெள்ளை!

வீட்டுக்குப் புது டி.வி. வருகிறது. சுவரில் மாட்டுகிறார்கள். வீடே கூடி நிற்கிறது.

"கல்யாணப் படத்தைப் போடுங்களேன்!" என்கிறார், பாட்டி.

பழைய டிவிடி பிளேயர் பரணில் இருந்து இறங்குகிறது. தகடு சுழல்கிறது. ஆனால், படத்தைக் காணோம்! சில வீடுகளில் படம் வருகிறது. அரக்குப் பட்டுச் சேலை கறுப்பு வெள்ளையாகத் தெரிகிறது!

"பிளேயர் கெட்டுவிட்டது. பழைய இரும்புக்குப் போடு!" என்று ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

இது அவசரத் தீர்ப்பு. பிளேயர் நன்றாகவே இருக்கலாம். வயர், இடம் மாறி இருக்கலாம்.

அந்தத் தகட்டில் இருப்பது என்ன? தாலி கட்டிய நேரம். குழந்தையின் காது குத்து. இன்று உயிரோடு இல்லாத தாத்தா, பந்தியில் நின்று எல்லோரையும் உபசரித்த குரல். எந்தக் கடையிலும் இதை விலைக்கு வாங்க முடியாது. ஒரு வயர் தெரியாத காரணத்தால் இதை இழக்கலாமா?

3 நிறம், 3 வேலை

டிவிடி முதன்முதலில் 1996-ம் ஆண்டு நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அப்போது வீடுகளில் இருந்தவை பின்பக்கம் புடைத்த பெட்டிகள். தமிழ்நாட்டில் 2006-ம் ஆண்டு தொடங்கி அரசு கொடுத்த இலவச கலர் டி.வி.யும் அந்த வகைதான்.

இத்தகைய பெட்டிகளுக்கு ஏற்றது, 3 நிற வயர்.

மஞ்சள், படத்துக்கு. வெள்ளை, இடது பக்க ஒலிக்கு. சிவப்பு, வலது பக்க ஒலிக்கு. ஒரே ஒலிபெருக்கி உள்ள சிறிய டி.வி.யில் மஞ்சளும் வெள்ளையும் மட்டும் இருக்கும்.

பிளேயரில் "அவுட்" என்று எழுதிய துளையில் ஒரு முனை. டி.வி.யில் "இன்" என்று எழுதிய துளையில் மறு முனை. நிறத்துக்கு நிறம் பார்த்துச் செருக வேண்டும். பிறகு ரிமோட்டில் "சோர்ஸ்" அல்லது "இன்புட்" பொத்தானை அழுத்தி, "ஏவி" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை மறந்துவிட்டு, மெக்கானிக்கைக் கூப்பிடுகிறவர்களும் உண்டு!

இரண்டு சிவப்பு!

சில பெட்டிகளில் பச்சை, நீலம், சிவப்பு என்று வேறு 3 துளைகள் இருக்கும். இதற்குக் "காம்பொனன்ட்" என்று பெயர். இந்த மூன்றும் படத்துக்கே உரியவை. பக்கத்தில் ஒலிக்கு வெள்ளையும், இன்னொரு சிவப்பும் இருக்கும். இரண்டு சிவப்பையும் பார்த்துத்தான் பலரும் குழம்புகிறார்கள்.

மஞ்சள் வயரில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து வருகின்றன. டி.வி. அவற்றைப் பிரித்து எடுக்க வேண்டும். பச்சை, நீலம், சிவப்பு வயர்களில் அவை தனித்தனியாக வருகின்றன. அதனால் படம் இன்னும் தெளிவாக இருக்கும்.

மஞ்சள் வயரைப் பச்சைத் துளையில் செருகி, டி.வி.யைக் "காம்பொனன்ட்" என்று வைத்தால் என்ன ஆகும்? நிறம் போய்விடும். சேலை கறுப்பு வெள்ளை ஆவது இப்படித்தான்! சில டி.வி.களில் பச்சைத் துளையே மஞ்சளுக்கும் பயன்படும். அதன் அருகே மஞ்சள் குறியோ "வீடியோ" என்ற எழுத்தோ இருக்கும். அங்கே மஞ்சளைச் செருகி, "ஏவி" என்று வைக்க வேண்டும்.

ஒரே வயர் போதும்

எச்.டி.எம்.ஐ. என்ற வயருக்கான விதிமுறை 2002-ம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. படம், ஒலி இரண்டும் இந்த ஒரே வயரில் போகும். பிளேயரிலும் டி.வி.யிலும் இந்தத் துளை இருந்தால், வேறு வயரே வேண்டாம்.

"தங்க முலாம் பூசியது, படம் பளிச்சென்று இருக்கும்" என்று சொன்னால் ஏமாறாதீர்கள்! நம் நாட்டு முறையில் டிவிடி படத்துக்கு 576 வரிகள். எவ்வளவு விலை கொடுத்து வயர் வாங்கினாலும், 577-வது வரி வராது. ஒழுங்காக வேலை செய்யும் சாதாரண வயரே போதும்.

பிளேயரில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு; டி.வி.யில் எச்.டி.எம்.ஐ. மட்டும். அப்போது என்ன செய்வது? மாற்றித் தரும் சிறு பெட்டி கடையில் கிடைக்கிறது. "ஏவியில் இருந்து எச்.டி.எம்.ஐ.க்கு" என்று கேட்டு வாங்க வேண்டும். எதிர்த்திசையில் மாற்றும் பெட்டியும் பார்க்க இதைப்போலவே இருக்கும். ஆனால், அது இதற்கு உதவாது.

யார் பொறுப்பு?

குற்றம் வீட்டாருடையதா? இல்லை. ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிறவர்கள், பொடி எழுத்தில் ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவது நியாயம் அல்ல. "வீட்டில் என்ன பிளேயர் இருக்கிறது?" என்று கடைக்காரர் கேட்க வேண்டும். துளையின் அருகே "படம்", "ஒலி" என்று தமிழில் அச்சிட எவ்வளவு செலவாகும்?

"இந்தக் காலத்தில் டிவிடி எதற்கு? பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளலாமே!" என்று சிலர் கேட்கலாம். நல்ல யோசனைதான். தகட்டில் கீறல் விழும் முன்பு பிரதி எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். ஆனால், எந்தத் தகட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தானே பிரதி எடுக்க முடியும்? அதற்குப் பிளேயர் வேண்டும்.

வீட்டில் இருக்கும் பெண்களும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். பிள்ளை ஊரில் இருந்து வரட்டும் என்று காத்திருக்கத் தேவை இல்லை. இரண்டு பெட்டிகளின் சுவிட்சையும் அணைத்துவிட்டு, நிறம் பார்த்து வயரைச் செருகுங்கள். தையல் ஊசியில் நூல் கோப்பதைவிட இது எளிது!

புது டி.வி. வாங்கப் போகிறவர்கள், முன்பக்கத்தின் பளபளப்பை மட்டும் பார்க்க வேண்டாம். பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். வீட்டுப் பிளேயருக்கு ஏற்ற துளை இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்ட பிறகு பணத்தைக் கொடுங்கள்!