பொடி வேண்டுமா? மிளகாய் வேண்டுமா?

பொழுது விடியவில்லை. சிலமலை, போடிநாயக்கனூர் பக்கத்து ஊர்களில் ஜீப்புகள் உறுமுகின்றன. பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறி உட்காருகிறார்கள். போடிமெட்டு தாண்டி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் வேலை.

இந்தப் பாடெல்லாம் எதற்கு? பிள்ளை படிக்க வேண்டும் என்பதற்கு.

ஆனால் வீட்டுப் பரணில் ஒரு லேப்டாப் தூங்குகிறது. அண்ணன் படித்தபோது அரசு கொடுத்தது. தம்பி அதைத் தொடுவதில்லை.

"ஏன்டா, அதை எடுக்கவே மாட்டேங்கிற?" என்று தாய் கேட்கிறாள்.

"அது பழசும்மா. அதுல ஒண்ணும் ஓடாது" என்கிறான் மகன்.

உண்மையிலேயே ஓடாதா?

ஒன்று போனது, ஒன்று இருக்கிறது

தமிழக அரசு 2011-ம் ஆண்டு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. முதலில் வந்தவற்றில் விண்டோஸ் 7 இருந்தது. கூடவே பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது.

விண்டோஸ் 7-க்குக் கொடுத்து வந்த பராமரிப்பை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2020 ஜனவரி 14-ந் தேதியோடு நிறுத்தி விட்டது. லினக்ஸ் அப்படி அல்ல. அதன் மூலம் எல்லோர் கையிலும் இருக்கிறது. பழைய லேப்டாப் கெடாமல் இருந்தால், புது லினக்ஸ் ஒன்றைப் போட்டு இன்றும் எழுதலாம், படிக்கலாம், தொழில் பழகலாம்.

மூலம் என்றால் என்ன?

கடையில் மிளகாய்ப் பொடி பாக்கெட் விற்கிறது. வாங்குகிறோம், குழம்பில் போடுகிறோம். சுலபம்தான். ஆனால் உள்ளே செங்கல் தூள் கலந்திருந்தால் தெரியுமா? தெரியாது.

இன்னொரு வழியும் உண்டு. மிளகாய் வாங்கி, வெயிலில் காய வைத்து, காம்பு கிள்ளி, மில்லுக்குக் கொண்டு போவது. நம் கண் முன்னால் அரைபடுகிறது.

மென்பொருளும் இப்படித்தான். மனிதர் எழுதிய நிரல்தான் மிளகாய். அதற்கு மூலநிரல் என்று பெயர். அது கம்ப்யூட்டருக்கு நேராகப் புரியாது. புரியும்படி அரைத்துக் கொடுக்கும் மில்லுக்குக் கம்பைலர் என்று பெயர். அரைத்து வரும் பொடிதான் நாம் ஓட்டுகிற மென்பொருள். மிளகாயையே எல்லோருக்கும் கொடுத்து விடுவதுதான் ஓப்பன் சோர்ஸ்.

அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் இப்படி ஒரு பணியை அறிவித்தார். 1987-ல் ஜி.சி.சி. என்ற மில்லையே இலவசமாகக் கொடுத்தார். அந்த மில்லில் அரைத்துத்தான் 1991-ல் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் லினக்ஸை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21.

ஒரே மிளகாய், மூன்று மில்

விண்டோஸுக்கு அரைத்த பொடி லினக்ஸில் கரையாது. லினக்ஸுக்கு அரைத்தது ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில் கரையாது. ஆனால் மிளகாய் ஒன்றுதான். அந்தந்த இடத்தில் அரைத்துக் கொள்ள வேண்டும்.

பாஸ், உபுண்டு போன்ற லினக்ஸில் 'பில்ட் எசென்ஷியல்' என்ற தொகுப்பைப் போட்டால் மில் தயார். மேக்கில் ஆப்பிள் தரும் 'எக்ஸ்கோட்' கருவிகள். விண்டோஸில் 'எம்சிஸ் 2'.

முதலில் 'ரீட்மீ' என்ற குறிப்பைப் படிக்க வேண்டும். பிறகு பல மென்பொருள்களுக்கு மூன்றே கட்டளைதான். 'கன்பிகர்' என்றால், உங்கள் கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும். 'மேக்' என்றால் அரைக்கும். 'மேக் இன்ஸ்டால்' என்றால் உரிய இடத்தில் எடுத்து வைக்கும்.

முதல் தடவையே சரியாக வராது. இன்னது இல்லை என்று பாதியில் நின்று விடும். பயப்பட வேண்டாம். குறை எங்கே என்று அதுவே சொல்கிறது. கேட்டதைத் தேடிப் போட்டு, மறுபடி அரைக்க வேண்டும்.

பார்க்கிற கண் வேண்டும்

"பாக்கெட் கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அன்றாட வேலைக்குத் தயார்ப் பொடியே போதும். ஆனால் ஊரில் ஒருவருக்குமே அரைக்கத் தெரியாவிட்டால் என்ன ஆகும்?

2024 மார்ச்சில் நடந்ததைக் கேளுங்கள். கோப்புகளைச் சுருக்கித் தரும் 'எக்ஸ் இசட்' என்ற சிறு மென்பொருள் லினக்ஸில் உண்டு. உதவி செய்கிறேன் என்று வந்து, இரண்டு ஆண்டுக்கு மேல் நல்லவராகப் பழகிய ஓர் ஆசாமி, அதில் கள்ளக்கதவு ஒன்றை வைத்து விட்டார். ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற என்ஜினீயர், உள்ளே நுழைய அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை விநாடிதான்! விடாமல் தோண்டினார். ஊரெல்லாம் பரவுமுன் களவு வெளிப்பட்டது.

மூலம் திறந்திருந்ததால் மட்டும் அது அகப்படவில்லை. பார்க்கத் தெரிந்த ஒருவர் இருந்ததால் அகப்பட்டது.

நம் தாய்மார் தினமும் ஏறுகிற மலைக்கு அந்தப் பக்கம், கேரள அரசின் 'கைட்' நிறுவனம் பள்ளிகளில் லினக்ஸைக் கொண்டே கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறது. இந்தப் பக்கம் நம் லேப்டாப் பரணில் கிடக்கலாமா?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு சனிக்கிழமை போதும். ஒரு பழைய லேப்டாப், ஐந்து பிள்ளைகள். 'க்னூ ஹலோ' என்று ஒரு குட்டி மென்பொருள் இருக்கிறது. பழகுவதற்கென்றே எழுதியது. ஆங்கிலத்தில் ஒரு வணக்கம் சொல்லும், அவ்வளவுதான். அதன் மூலத்தைத் திறந்து, அந்த இடத்தில் 'வணக்கம்' என்று பிள்ளைகளே தமிழில் எழுதட்டும். மறுபடி அரைத்து ஓட்டட்டும்.

அன்று மாலை தாய் மலையிலிருந்து இறங்கி வருவாள். பழசு என்று தள்ளிய லேப்டாப் அவளுக்குத் தமிழில் வணக்கம் சொல்லும். சொல்ல வைத்தவன் அவள் மகன்.

பரணில் இருப்பதை இன்றே இறக்குங்கள்!